காட்டெருமை முட்டிய கார்

காட்டெருமை முட்டிய காரை எங்கள் ஊரில் யாரும் விலைக்குக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

குறிஞ்சி பூத்து முடிந்ததற்கு மறு வருஷம் அது. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியையாக இருந்தேன். அட்டுவம்பட்டியில் அம்மாவோடு குடியிருந்தேன். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் என் இடது கால் சூம்பிப்போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸைக் கட்டிக்கொண்டு நடப்பேன். சமதளத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடந்துவிடுவேன். ஆனால் எங்கள் ஊரில் சமதளம் என்று ஏரியைச் சுற்றி இருப்பதைத்தான் சொல்ல முடியும். மற்றதெல்லாம் ஏற்றம் அல்லது இறக்கம்.

என் தம்பி டாக்ஸி ஓட்டினான். அடுத்த வீட்டில் மனைவி மக்களோடு இருந்தான். காலையில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்குப் போவான். சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வான். சீசனில் பேரிஜம், பூம்பாறை என்று சவாரி நீண்டுவிட்டால் நான் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் போய், மற்ற ஆசிரியர்கள் போய், மூடுபனி மைதானத்தில் இறங்கி, வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்து சற்றுத் தள்ளி நிற்பார். "உங்களுக்காகத்தான் நிற்கிறேன்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

தம்பியும் ஒருநாள்கூட முணுமுணுத்ததில்லை. சிரமமே அங்கேதான் இருந்தது. குறை சொல்ல இடமே கொடுக்காத ஒருவனிடம் போய், "எனக்கு இது போதவில்லை" என்று எப்படிச் சொல்வது? புத்தகக் கடைக்குப் போக வேண்டும் என்றால் அவனிடம் சொல்ல வேண்டும். தோழி வீட்டுக்குப் போனால் எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யாமல் எங்காவது சும்மா போய் நிற்க வேண்டும் என்று தோன்றினால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியிருந்த எனக்கு, இந்த ஊரில் தனியாகப் போய்வந்த இடம் என்று ஒன்றுமில்லை.

அந்தக் கார் ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த கார்தான். பெங்களூரிலிருந்து வந்து ஏரிக்கு மேலே வீடு கட்டிக் குடியிருந்த ஓர் அம்மாள் அதை வைத்திருந்தார். டெலிபோன் இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். குட்டி கார், ரெண்டே கதவு, கரண்டில் ஓடுவது. அது கடைத்தெருவில் வந்தால் சுற்றுலாப் பயணிகள் குதிரையை விட்டுவிட்டு அதைப் போட்டோ எடுத்தார்கள். டாக்ஸிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் சோப்பு டப்பா.

காட்டெருமை முட்டிய செய்தியைத் தம்பிதான் கொண்டுவந்தான். பாட்டியின் வண்டி சப்பளிந்துவிட்டது, பாட்டிக்கு ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சில மாதம் கழித்து, அந்த அம்மாள் மகளோடு ஆஸ்திரேலியா போகப்போகிறார், வீட்டை விற்றுவிட்டார், காரை மட்டும் சீந்துவாரில்லை என்றும் அவனே சொன்னான்.

"அதுல கிளட்ச் உண்டாடா?" என்று கேட்டேன்.

"கிளட்சு ஏது, கியரு ஏது? ரெண்டே பெடல். வெளாட்டுச் சாமான்க்கா அது."

ரெண்டே பெடல். வலது காலே போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. அந்த அம்மாள் தலையில் கம்பளிக் குல்லாயோடு வாசலில் நின்றிருந்தார். போர்த்தியிருந்த தார்ப்பாயை அவரே இழுத்துக் கீழே போட்டார்.

நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. இடது பக்கக் கதவு உள்ளே குழிந்துபோய்க் கிடந்தது. அதற்கு முன்னால் சக்கரத்துக்கு மேலிருந்த பகுதி மேலிருந்து கீழ்வரை கிழிந்து, அந்தப் பக்க ஹெட்லைட் வயரில் தொங்கியது. கிழிசலுக்குள்ளே கறுப்பு இரும்புக் குழாய்கள் தெரிந்தன.

"மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பாருங்க" என்றார் அந்த அம்மாள். "தப்பு என்னோடதுதான். இந்தக் காருக்குச் சத்தம் கிடையாது. திருப்பத்துல அது மேஞ்சிட்டு இருந்துது. நான் வந்தது அதுக்குத் தெரியல. பக்கத்துல போனப்புறம் ஹார்ன் அடிச்சேன். அது பயந்துபோய் ஒரே முட்டு. அப்புறம் அது பாட்டுக்கு மறுபடி மேய ஆரம்பிச்சிடுத்து."

"கதவு திறக்குமா மேடம்?"

"திறக்காது. டிரைவர் பக்கம்தான் ஏறணும், இறங்கணும். யாராவது கூட வந்தா அவங்க முதல்ல ஏறி அந்தப் பக்கம் நகர்ந்துக்கணும்."

"கூட யாரும் வர வேண்டாம்னுதான் மேடம் இத வாங்க வந்ததே" என்று சொல்லிவிட்டேன். என் தம்பி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். எதற்காக வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

அந்த அம்மாள் என் பூட்ஸைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஐயோ பாவம் என்ற அந்தப் பார்வை வரும் என்று தயாராக நின்றேன். வரவில்லை. சாவியை என்னிடம் கொடுத்து, "உட்கார்ந்து பாருங்க, அந்தக் காலுக்கு உள்ள இடம் இருக்கான்னு" என்றார்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தேன். இடம் இருந்தது. அந்த அம்மாள் ஜன்னல் ஓரமாக நின்று குனிந்து, குமிழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொன்னார். திருப்பினேன். வண்டி கிளம்பிவிட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு அமைதி. வலது காலை மெல்ல அழுத்தினேன். ஒரு துள்ளு துள்ளி நகர்ந்தது. காம்பவுண்டுக்குள் இருந்த நீலப்பூச் செடிப் புதர் என்னை நோக்கி வந்தது. "பிரேக்கு! பிரேக்கு!" என்று தம்பி கத்தினான். அவன் கத்துவதற்கு முன்பே அழுத்திவிட்டேன். புதருக்குச் சற்று முன்னால் நின்றது.

நிறுத்தியது நான்தான். அதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். ஒரு வண்டி, நான் சொல்லி நகர்ந்தது, நான் சொல்லி நின்றது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க நான் தயாராக இல்லை. அந்த அம்மாளும் அதை விரும்பவில்லை. சீட்டுக்கு அடியில் வரிசையாக இருந்த பேட்டரிகளைத் திறந்து காட்டினார். காய்ச்சி வடித்த தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டும். ஏற்றத்தில் சார்ஜ் மளமளவென்று குறையும், இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப ஏறும். குளிர் மாதங்களில் இன்னும் குறைவாக ஓடும். இந்த பேட்டரிகளுக்கு வயதாகிவிட்டது, சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் அவரே சொன்னார். விலையும் அதற்குத் தக்கபடிதான் கேட்டார். விலையில் எங்களுக்குள் பேச்சே வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் வண்டியை நிறுத்தியதும் தம்பி ஆரம்பித்தான்.

"அடிபட்ட வண்டிக்கா. வெளிய தெரியறது கொஞ்சம். உள்ள சேஸிஸ் வளஞ்சிருந்தா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போகும். பள்ளத்துல கொண்டுபோய் விட்டுரும்."

"வளஞ்சிருக்கான்னு பாக்க முடியுமா?"

"பாக்கலாம். பாத்து என்ன செய்ய?"

"பாத்துச் சொல்லு. வளஞ்சிருந்தா நான் வாங்கல."

அடுத்த வாரம் டிங்கர் வேலை செய்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவனே போனான். நானும் போனேன். டிங்கர்காரர் கிழிந்த இடத்தை விரலால் சுண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது தகரம் இல்லீங்க, பிளாஸ்டிக்கு. தட்டி நிமித்த முடியாது. கம்பெனியில இருந்து புதுசு வந்தாத்தான் மாட்டலாம். எப்ப வருமோ, வராமலே போகுமோ." அவர் அதோடு விலகிக்கொண்டார்.

தம்பி மட்டும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு நூல் பிடித்தான். அந்தப் பக்கம் பிடித்தான், இந்தப் பக்கம் பிடித்தான், மறுபடியும் முதலிலிருந்து பிடித்தான். வளைந்திருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டது அவன் முதுகிலேயே தெரிந்தது. ஆனால் என் தம்பி பொய் சொல்லத் தெரியாதவன்.

"கதவுக்கிட்ட ஒரு கொழா லேசா நசுங்கியிருக்கு. மத்தபடி சக்கரம் நேராத்தான் இருக்கு" என்றான் நூலைச் சுருட்டிக்கொண்டே.

"அப்ப ஓட்டலாம்?"

"ஓட்டலாம்."

அதற்குப் பிறகும் அவன் சம்மதிக்கவில்லை. அம்மாவையும் சேர்த்துக்கொண்டான். அம்மா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கப்பலேறி வந்து, இந்த மலையிலும் தோட்ட வேலையே பார்த்து எங்களை வளர்த்தவள். லயத்து வரிசை வீட்டில் இருந்த நாளில் துரை கார் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் நிற்க வேண்டும் என்று சொல்வாள்.

"ஒடஞ்ச தட்டையே வீட்டுல வச்சிருக்க மாட்டேன். ஒடஞ்ச காரைக் கொண்டாந்து வாசல்ல நிப்பாட்டப் போறியா?" என்றாள் அம்மா.

"நிப்பாட்டுறதுக்கு இல்லம்மா. ஓட்டுறதுக்கு."

"என்னாத்துக்கு ஓட்டணும்? அவன் கொண்டுபோய் விடலையா? ஒருநாளு விடாம இருந்தானா?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சொல்லவேண்டியிருந்ததை அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு அதுவரை தைரியம் வந்ததில்லை. அன்று வந்தது.

"விட்டான்மா. ஒரு நாளும் தவறல. எங்க போறேன், எப்ப வருவேன்னு நானும் ஒரு நாளும் தவறாமச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். இனிமே சொல்ல வேண்டாம்னு இருக்கு."

"நான் எப்பக்கா ஒங்கிட்டக் கணக்குக் கேட்டேன்?" என்றான் அவன்.

"நீ கேக்கலடா. கேக்காமலே சொல்ல வேண்டியிருக்கு பாரு, அதத்தான் சொல்றேன்."

எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில் வழக்கம்போல் ஹார்ன் அடித்தான். நான் போய் ஏறினேன். ஏரிக்கு வந்ததும், "ஸ்டாண்டுல என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியுமா ஒனக்கு?" என்றான்.

"சொல்லு."

"வேண்டாம். விடு."

"நீ சொல்லாட்டி நான் எறங்கிப் போயி அவங்ககிட்டயே கேப்பேன்."

ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஒச்சம் உள்ளவளுக்கு ஒச்சம் உள்ள வண்டின்னு பேசிச் சிரிக்கிறாங்க."

அவன் எதிர்த்ததெல்லாம் எதற்காக என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. சேஸிஸும் இல்லை, பேட்டரியும் இல்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நாளெல்லாம் நிற்க வேண்டியவன் அவன்.

"ஸ்டாண்டுக்கு விடு" என்றேன்.

"அக்கா, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"ஆகட்டும். விடுடா."

ஸ்டாண்டில் டீ கிளாஸோடு நான்கைந்து பேர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். சிலருடைய பிள்ளைகளுக்கு நான் அ, ஆ எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் இறங்கி நிமிர்ந்து நின்றேன்.

"ஒச்சம் வண்டின்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

ஒருவர் டீயைப் பார்த்தார். ஒருவர் மலையைப் பார்த்தார்.

"யாராயிருந்தாலும் பரவாயில்ல. என் காலுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சு. அந்த வண்டிய மாடு முட்டுச்சு. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நாளைக்கு அந்த வண்டி இந்த வழியாத்தான் போகும். ஏத்தத்துல வெரசாப் போகாது. பின்னால வந்து ஹார்ன் அடிக்காதீங்க. அடிச்சாலும் ஒதுங்க மாட்டேன்."

பெரியவர் ஒருவர், "நாங்க எதுக்கு டீச்சர் அடிக்கப் போறோம்" என்றார். நான் திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டேன். "இப்ப ஸ்கூலுக்கு விடு" என்றேன்.

அந்த ஆத்திரத்தில்தான் நான் காரை வாங்கினேன் என்று தம்பி இன்றுவரை சொல்கிறான். அப்படியில்லை. நீலப்பூப் புதருக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேனே, அப்போதே பாதி முடிவு ஆகிவிட்டது. அவன் நூல் பிடித்துப் பார்த்து 'ஓட்டலாம்' என்று சொன்னபோது மீதியும் ஆகிவிட்டது. ஸ்டாண்டில் நான் செய்தது அதை ஊருக்கு அறிவித்தது மட்டும்தான். 'நாளைக்கு' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். லைசென்ஸே இல்லாமல் நாளைக்கு எப்படி ஓட்டுவது?

அன்று சாயங்காலமே போய் அந்த அம்மாளிடம் பேசி முடித்தேன். அவர் ஊருக்குக் கிளம்புகிற வரையில் அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே பழகிக்கொள்ளச் சொன்னார். எல்.எல்.ஆர். எடுத்தேன். சொல்லிக்கொடுக்கத் தம்பிதான் வந்தான். வேறு யாரும் தன் அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு முறையும் என் பக்கக் கதவு வழியாக நுழைந்து, ஸ்டியரிங்கில் முட்டி இடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் தவழ்ந்துபோய் உட்கார்வான். நான் ஓட்டும்போது இல்லாத கிளட்சை அவன் இடது கால் மிதித்துக்கொண்டே இருக்கும்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா வாசலுக்கு வந்து உடைந்த பக்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். உள்ளே போய் எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். "ஏத்து" என்றாள். ஏற்றினேன்.

லைசென்ஸ் டெஸ்ட் பழனியில். வண்டியை நானே இறக்கிக்கொண்டு போக வேண்டும். வெள்ளனே கிளம்பினோம். பெருமாள்மலை தாண்டிப் பழனி ரோட்டில் திரும்பியதிலிருந்து இறக்கம்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தம்பி முருகனைக் கூப்பிட்டான். இறங்க இறங்கக் குளிர் விலகி, ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. கீழே போய்ச் சேர்ந்தபோது சார்ஜ் முள் நாங்கள் பயந்த அளவுக்கு இறங்கியிருக்கவில்லை.

டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி காரைச் சுற்றி வந்தார். பிறகு என் பூட்ஸைப் பார்த்தார்.

"இந்தக் கால வச்சுக்கிட்டு எப்படிம்மா ஓட்டுவீங்க?"

"இந்த வண்டிக்கு அந்தக் காலே வேண்டாம் சார்."

அவர் சிரிக்கவில்லை. டாக்டர் சான்றிதழைப் படித்தார். எட்டுப் போடச் சொன்னார். போட்டேன். பின்னால் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இன்னொரு எட்டுப் போடச் சொன்னார். மற்றவர்களுக்கு ஒன்று, எனக்கு மட்டும் எதற்கு இரண்டு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. முதல் எட்டைவிடச் சின்னதாக, இறுக்கமாக ஒன்று போட்டுக் காட்டினேன். "சரி, போங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

மலை ஏறுவதுதான் பாக்கி. ஒரு சார்ஜில் அந்தக் கார் பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறாது. அதற்குத் தம்பி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தான். எங்கள் மலையில் உள்ள பூண்டியிலிருந்து காரட்டும் பூண்டும் ஏற்றிவந்து பழனி மண்டியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரி ஒன்று. மண்டியில் மூட்டை ஏற்றுகிற திட்டு மேல் காரை ஓட்டி, அங்கிருந்து லாரிக்குள் விட்டேன். லாரி டிரைவர் நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினார்.

"டீச்சர், நீங்க முன்னாடி கேபின்ல வந்து உக்காருங்க" என்றார்.

"நான் என் வண்டியிலயே உக்காந்துக்கிறேன்."

"அக்கா, ஊரே பாக்கும்" என்றான் தம்பி.

"பாக்கட்டும்."

தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவனும் என் பக்கக் கதவு வழியாக நுழைந்து தவழ்ந்துபோய் உட்கார்ந்துகொண்டான். லாரி கிளம்பியது. தரையெல்லாம் காரட் தழை. பூண்டு வாசனை மூக்கில் ஏறியது. ரோட்டோரச் சுவருக்கு மேலே அவ்வளவு உயரத்திலிருந்து நான் அதுவரை பழனி ரோட்டைப் பார்த்ததில்லை. கீழே சமவெளி, குளங்கள், சின்னதாகத் தெரிந்த பழனிமலைக் கோயில், எல்லாம் வளைவுக்கு ஒரு பக்கமாக இடம் மாறிக்கொண்டே வந்தன. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் கை காட்டிச் சிரித்தார்கள். நானும் கை காட்டினேன். சற்றுப் பொறுத்துத் தம்பியும் காட்டினான்.

அந்தக் காரை நான் பல வருஷம் ஓட்டினேன். பேட்டரி சீக்கிரமே செத்தது, மாற்றினேன். ஏற்றத்தில் அது ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். பின்னால் சுற்றுலா வேன்கள் வரிசையாக ஹார்ன் அடிக்கும். நான் ஒதுங்கியதில்லை. ஸ்டாண்டுக்காரர்கள் மட்டும் அடித்ததில்லை. அம்மா அதில் ஏற மறுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு மழை நாளில் பல்வலி தாங்காமல், திட்டிக்கொண்டே ஏறினாள். அதற்குப் பிறகு அவளை இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

லைசென்ஸ் வாங்கிவந்த மறுநாள் காலை தம்பி ஹார்ன் அடிக்கவில்லை. அவன் வீட்டு ஜன்னலில் திரை மட்டும் லேசாக விலகியிருந்தது. நான் வண்டியை எடுத்து, பள்ளிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் ஏரியோர ரோட்டிலேயே நேராகப் போனேன். படகுத்துறை இன்னும் திறக்கவில்லை. தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு சோலியும் இல்லாமல் ஏரியை முழுதாக ஒரு சுற்று சுற்றினேன். பிறகு பள்ளிக்கூடம் போனேன். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். நான் காரணம் சொல்லவில்லை.